ஷெஃப்பைக் கூப்பிடுங்க

“ரொம்பப் பிரமாதம்னு உங்க ஷெஃப்கிட்ட நேர்லயே சொல்லணும். கொஞ்சம் வெளியே வரச் சொல்றீங்களா?”

அறிவிப்பாளர் இதை மூன்றாவது முறையாகக் கேட்டார். வெயிட்டரும் மூன்றாவது முறையாகத் தலையைக் குனிந்து, “கண்டிப்பாச் சொல்லிடறேன் சார்” என்றார். சொல்லிவிட்டு, சமையலறை இருந்த பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் போனார்.

“இன்னும் நாம எதுவுமே சாப்பிடலையேங்க. எதைப் பிரமாதம்னு சொல்றீங்க?” என்றாள் மனைவி.

“ரொட்டி சாப்பிட்டோமே!”

“ரொட்டியைக் கடையில வாங்கியிருப்பாங்க.”

“யாரு? நம்ம பொண்ணா? அவ...” என்று ஆரம்பித்தவர், சட்டென்று நாப்கினால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அறிவிப்பாளர் என்றால் ரயில் நிலைய அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது என்று காலம் காலமாக மைக்கில் சொல்லிப் பழகிய மனிதர். அவரைப் பொறுத்தவரை, மைக் இல்லாமல் பேசினால் அதற்குப் பெயர் ரகசியம்.

அந்தப் பிரெஞ்சு உணவகத்தின் தலைமை ஷெஃப் அவருடைய ஒரே மகள். ஆனால் இதைச் சொல்ல அவருக்குத் தடை. மகள் முன்பு வேலை பார்த்த பேக்கரியில் இவர் தினமும் வாசலில் நின்று, கேக் வாங்க வந்தவர்களை எல்லாம் மறித்து, “உள்ள இருக்கிறது என் பொண்ணு” என்று அறிவித்துக்கொண்டிருந்தார். கேக் வாங்க வந்தவர்கள் பின்வாசல் உண்டா என்று விசாரிக்கும் அளவுக்குப் போய்விட்டது. அதனால் இங்கே சேர்ந்த அன்றே மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். “அப்பா, நான் வேலை பார்க்கிற இடத்துக்கு வரக்கூடாது. மீறி வந்தா, நான் உங்க பொண்ணுன்னு ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது.”

முதல் நிபந்தனையை இன்று மீறியாகிவிட்டது. இன்று அவருக்குப் பிறந்தநாள். மகள் காலையில் போனில் ஒரே வரியில் வாழ்த்திவிட்டு வைத்துவிட்டாள். வேலை அப்படி, பாவம். வெள்ளைக் கோட்டும் உயரத் தொப்பியும் போட்டு அவள் நடந்து வருவதை ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவருக்கு வேறு எந்தப் பரிசும் வேண்டாம். பார்த்துவிட்டால் சாப்பிடாமல்கூட எழுந்து போய்விடுவார்.

இந்தத் தவிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து மேஜைக்காரர் தானாகவே யோசனை சொன்னார்.

“பாராட்டினா எல்லாம் வரமாட்டாங்க சார். குறை சொல்லுங்க. போன மாசம் என் மாமியார் மூஞ்சியைச் சுளிச்சாங்க. அவ்வளவுதான், ஷெஃப்பே வந்து நின்னாங்க.”

மகள் சமையலைக் குறை சொல்வதா? அதுவும் அவர் வாயாலா? மனைவியைப் பார்த்தார். அவள் தட்டைப் பார்த்தாள். மனசைக் கல்லாக்கிக்கொண்டு, அதற்குள் வந்திருந்த சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு வெயிட்டரைக் கூப்பிட்டார்.

“இந்த சூப் ஜில்லுனு இருக்கே!”

“இது குளிர வெச்சுக் குடிக்கிற சூப்தான் சார்.”

அது அவருக்கும் தெரியும். மகள் வீட்டில் பத்துத் தடவை விளக்கியிருக்கிறாள். அதைச் சொல்ல முடியாமல் மென்று விழுங்கிக்கொண்டு, “அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஷெஃப்பைக் கூப்பிடுங்க” என்றார்.

வந்தது மேனேஜர். இரண்டு முறை மன்னிப்புக் கேட்டு, உணவகத்தின் அன்பளிப்பு என்று ஒரு தட்டு நத்தையை வைத்துவிட்டுப் போனார்.

“என்னங்க இது, ஓட்டோட இருக்கு?”

“சும்மா கண்ணை மூடிட்டுச் சாப்பிடு. இதைச் செய்யறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?”

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைச் சாப்பிட்டாள். கண்ணைத் திறந்துகொண்டு இன்னும் மூன்று சாப்பிட்டாள். அறிவிப்பாளருக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. மகள்! அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமையலறைக் கதவின் வட்டக் கண்ணாடியைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

“அப்பா, எங்க இருக்கீங்க?”

“வீட்லதாம்மா” என்று ரகசியமாகச் சொன்னார். கோடி மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“வீட்லயா?”

“பின்ன? சோபாவுல சாஞ்சு டிவி பார்த்துட்டிருக்கேன்.”

“பியானோ சத்தம் கேக்குதே.”

“படத்துல வாசிக்கிறாம்மா.”

“தட்டு, கரண்டிச் சத்தம்?”

“படத்துல சாப்பிடறாங்க.”

“சரிப்பா. நல்லாப் பாருங்க” என்று வைத்துவிட்டாள்.

“இத்தனை வேலைக்கு நடுவுலயும் அப்பா ஞாபகம் பாரு” என்றார் மனைவியிடம். பக்கத்து மேஜைக்காரர் முள்கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் விவகாரம் கைமீறிவிட்டது. குறை சொன்னால் நத்தை இலவசம் என்ற செய்தி மேஜைக்கு மேஜை பரவியிருந்தது.

“என் வாத்து ரப்பர் மாதிரி இருக்கு” என்றது ஒரு குரல்.

“தட்டு பெரிசு, சாப்பாடு சின்னது” என்றது இன்னொன்று.

“எனக்கு வெங்காய சூப் உப்புக் கரிக்குது. அவர் சொன்னப்பவே நானும் சொல்லணும்னு இருந்தேன்” என்றாள் முத்துமாலை போட்ட ஓர் அம்மாள்.

அறிவிப்பாளருக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து நின்றுவிட்டார்.

“யாருங்க அது, வாத்து ரப்பர்னு சொன்னது? மெல்லத் தெரியலைன்னா வாத்து என்னங்க பண்ணும்?”

நிலையத்தில் மூன்றாவது மேடை வரை கேட்கும் குரல் அது. பியானோ நின்றுபோயிற்று.

“முதல்ல குறை சொன்னதே நீங்கதானே?” என்றாள் முத்துமாலை.

“நான் சொல்லலாம், நீங்க சொல்லக்கூடாது!”

“ஏன்?”

ஏன் என்பது தொண்டை வரை வந்துவிட்டது. மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஜன்னலோரம் இருந்த ஜோடி, “எங்களுக்கு வாத்து ரொம்ப நல்லா இருந்துதுங்க” என்று வெள்ளந்தியாகச் சொல்ல, “கேட்டீங்களா? வயசுல சின்னவங்க, நாக்கு நல்லா இருக்கு!” என்றார். முத்துமாலை கோபித்துக்கொண்டு எழுந்தாள். ஹாலே இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தத் தொடங்கியது. மேனேஜர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது சமையலறைக் கதவு திறந்தது. முதலில் உயரமான வெள்ளைத் தொப்பிதான் தெரிந்தது. அறிவிப்பாளர் கண் கலங்கிவிட்டது.

தொப்பிக்குக் கீழே பெரிய மீசை இருந்தது.

“தாமதத்துக்கு மன்னிக்கணும் சார். கூப்பிட்டீங்களாமே?” என்றது மீசை.

“நீங்க... நீங்களா ஷெஃப்?”

“சமைச்சதெல்லாம் நான்தான் சார்.”

அறிவிப்பாளர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவியின் முகம் வெளுத்துவிட்டது.

“வரக்கூடாதுன்னு அவ சொன்னது இதுக்குத்தானா? அப்ப அவ இங்க என்னதான் பண்றா? பாத்திரம் கழுவறாளோ?” என்று கேட்டாள்.

அவர் முன்னால் இருந்த காலித் தட்டை இரண்டு கையாலும் எடுத்தார். விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய முகம், மூக்குக் கண்ணாடியோடு, அதில் தெளிவாகத் தெரிந்தது.

“கழுவினா என்ன? இங்க பாரு, எப்படிப் பளபளன்னு இருக்கு. இந்த மாதிரி கழுவ இங்க வேற யாரால முடியும்?”

இதையும் அவர் ரகசியமாகத்தான் சொன்னார். ஹால் முழுக்க அமைதியாகிவிட்டது. முத்துமாலைகூட உட்கார்ந்துவிட்டாள்.

மீசைக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குனிந்து, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

“நான் உதவி ஷெஃப்தான் சார். எங்க பெரிய ஷெஃப் அவங்க அப்பா பிறந்தநாளுக்குத் தன் கையால சமைச்சுப் போடணும்னு இன்னைக்கு லீவு. இப்பதான் பூட்டின வீட்டு வாசல்ல காய்கறிப் பையோட நின்னுக்கிட்டு போன் பண்ணாங்க, ‘அங்க மைக் இல்லாமலே ஒருத்தர் கத்திட்டிருந்தா அவர்தான் எங்கப்பா, மேற்கொண்டு எதுவும் போடாம சாவியோட அனுப்பி வைங்க’ன்னு.”