பொட்டியண்ணனும் நாலு நம்பரும்

உலகத்திலேயே தன் கம்ப்யூட்டருக்குள் குடியிருந்த ஒரே மனிதர் எங்கள் பொட்டியண்ணன்தான். மற்றவர்கள் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காருவார்கள். அவர் உள்ளே போய்விடுவார்.

ஏற்றுமதிக்குப் பனியன் அடுக்கும் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை மேஜைமேல் பக்கவாட்டில் படுக்க வைத்து, உள்பக்கம் முழுக்கக் கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டி, அதன் கோடியில் மானிட்டரை நிறுத்தியிருந்தார். காலை ஒன்பது மணிக்குத் தலையையும் இரண்டு தோள்களையும் உள்ளே நுழைத்தால் மத்தியானச் சோற்றுக்குத்தான் வெளியே எடுப்பார். கேட்டால், "வெளி வெளிச்சம் பட்டா கலர் மாறிருமுங்க தம்பி" என்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வாரமும் நான் அவருடைய முதுகோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பேக்கரியில் பக்கத்தில் நின்று டீ குடித்தவரிடம், "நீங்க எந்தக் கம்பெனிங்க?" என்று விசாரித்தேன். "உங்க கம்பெனிதானுங்க. பொட்டிக்குள்ள இருக்கறவன்" என்றார் அவர். அன்றைக்குத்தான் அவருக்கு மீசை உண்டு என்று எனக்குத் தெரிந்தது.

திருப்பூர் பக்கம் அருள்புரத்தில் இருந்த அந்தப் பிரிண்டிங் கம்பெனியில் எனக்கு மெர்ச்சண்டைசர் என்று பெயர். சாம்பிள் துணியைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு அப்படி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பனியனின் நெஞ்சில் பூ, கரடி, மண்டையோடு என்று வெளிநாட்டுக்காரர்கள் எதைக் கேட்டாலும் அச்சடித்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். அவர்கள் அனுப்பும் படத்தைக் கம்ப்யூட்டரில் கலர் கலராகப் பிரித்து, ஒவ்வொரு கலருக்கும் ஒரு பிலிம் எடுப்பது பொட்டியண்ணன் வேலை. பிலிம் எல்லாமே பார்ப்பதற்குக் கறுப்பாகத்தான் இருக்கும். ஓரத்தில் சிவப்பு, பச்சை என்று அவர் போட்ட பெயரைப் பார்த்துத்தான் பிரிண்டிங் மாஸ்டர் காதர் பாய் கலர் கலக்கி அச்சடிப்பார். ஆகவே அந்தக் கம்பெனியில் கலர் விஷயத்தில் பொட்டியண்ணன் வைத்ததுதான் சட்டம்.

அந்தச் சட்டத்தின் முதல் ஷரத்து, கலரை யாரும் பெயர் சொல்லிக் கேட்கக் கூடாது என்பது. பெருமாநல்லூரிலிருந்து ஒரு கட்சிக்காரர், அதாவது தொழில் பாஷையில் ஒரு பார்ட்டி, வந்து நின்றார்.

"ரோஸ் கலருங்க. நல்லா குளுகுளுன்னு இருக்கோணும்."

"குளுகுளுவுக்கு என்னங்க நம்பரு?" என்றது பெட்டி.

"நம்பரெல்லாம் தெரியாதுங்க. இந்தப் பஞ்சுமுட்டாய் இருக்குமுங்களே, அந்த மாதிரி."

"பஞ்சுமுட்டாய்ல எத்தனையோ இருக்குதுங்க. மேஜை மேல ஷேடு கார்டு இருக்குது. நீங்களே வெரலை வெச்சு, அடியில இருக்கற நம்பரைப் படிச்சு, பேப்பர்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க."

பத்திரப் பதிவுக்கு வந்த மாதிரி பார்ட்டி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இந்தக் கெடுபிடிக்கு எல்லோரும் கோபப்பட்டிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. 'அவரு கலர்ல ஒரு நூல் பிசகாதுங்க' என்று பல்லடம் வரைக்கும் பெயர் பரவிவிட்டது. அடித்துக் கொடுத்த துணியில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பதும் உண்மை.

மனிதர் உடுத்துவது மட்டும் வெள்ளை. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், வருஷம் முழுக்க. தேர்தல் சமயத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் தங்கள் ஆள் என்று நினைத்து அவருக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். கடையில் தக்காளி வாங்கினால் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பார். "அதென்னங்க, கொழந்தைக்குக் கன்னத்தைக் கிள்ளற மாதிரி" என்று கடைக்கார அம்மா தினமும் சண்டை பிடிப்பார். பைக்கில் போகும்போது சிக்னலில் பச்சை விழுந்தாலும் அவர் நகர மாட்டார். பின்னால் நிற்கும் பல்லடம் பஸ்காரன் ஹாரனில் அவருடைய பரம்பரையையே விசாரித்த பிறகுதான் கியரைப் போடுவார். பின்சீட்டில் உட்கார்ந்து அந்த வசவில் பாதியை வாங்கியவன் நான். இப்படி ஒரு நிதானஸ்தரா என்று அப்போது எரிச்சலாக இருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒருநாள் புது சாப்ட்வேர் நுழைந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த படம் ஒன்று எங்கள் பழைய சாப்ட்வேரில் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. முதலாளி உடனே மாத வாடகைக்குப் புதுசைப் போட்டுவிட்டார்.

புது சாப்ட்வேர் செய்கிறவர்களிடம் எனக்கு ஒரு மனஸ்தாபம் உண்டு. இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழசில் நூறு பட்டன் இருந்தால் புதுசில் பத்துதான் கண்ணுக்குத் தெரியும். மிச்சத் தொண்ணூறையும் எங்கேயாவது ஒளித்து வைத்துவிட்டு, இப்போது எல்லாம் சுலபம் என்பார்கள். திறந்த உடனே பலூன் பறக்கவிட்டு, 'என்னென்ன புதுசு, பார்க்கிறீர்களா?' என்று அது கேட்கும். வேண்டாம், வேலை இருக்கிறது என்று சொல்ல அதில் வழியே கிடையாது.

பொட்டியண்ணன் இரண்டு நாள் உள்ளேயே இருந்தார். மூன்றாம் நாள் தானாகவே தலையை வெளியே எடுத்து என்னைக் கூப்பிட்டார். அப்படி அவர் கூப்பிட்டதே இல்லை.

"தம்பி, இதுல சொட்டு மருந்துக் குழாய் மாதிரி ஒண்ணு இருக்குமுங்க. அதைப் படத்து மேல வெச்சா, அந்தக் கலர்ல நீலம் எத்தனை, ரோஸ் எத்தனை, மஞ்சள் எத்தனை, கறுப்பு எத்தனைன்னு நாலு நம்பர் சொல்லும். இப்ப மூணுதான் சொல்லுது. அதுலயும் ஒண்ணு இருநூத்துச் சொச்சம். கலர் நூத்துக்கு மேல எப்படிங்க போகும்? டம்ளர் நெறஞ்சா வழிஞ்சு போயிராதுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது ஸ்கிரீன் வெளிச்சத்தோட கணக்குண்ணே. இப்ப எல்லாரும் அப்படித்தான். நம்பரை விடுங்க, கலரைப் பாத்துப் போடுங்க."

"அப்படீங்களா" என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வந்த அந்தப் படம் குழந்தைகள் பனியனுக்கான ஒரு தர்ப்பூசணித் துண்டு. முதல் சாம்பிளைப் பார்க்க, கம்பெனிகளுக்கு ஆர்டர் பிரித்துக் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் பதினொரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. பத்து மணிக்குக் காதர் பாய் சாம்பிளைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்தார். தோல் சிவப்பு. சதை பச்சை. நடுவில் கறுப்பு விதைகள் மட்டும் ஒழுங்காக இருந்தன.

"பாய், என்ன பாய் இது?"

"பிலிம்ல என்ன பேர் போட்டிருந்துச்சோ அதைத்தான் போட்டேன் தம்பி. எனக்கும் சந்தேகந்தான். ஆனா போன மாசம் நீலக் கலர் நாய் கேட்டாங்க, போட்டேன். மூணு கண்ணுப் பூனை கேட்டாங்க, போட்டேன். அவங்க ஊர்ல தர்ப்பூசணி எப்படி இருக்கும்னு எனக்கு என்ன தெரியும்?"

நியாயமான பேச்சு. திருப்பூரில் அச்சடிக்கிற யாரும் இதற்கு மறுப்புச் சொல்ல முடியாது.

அதற்குள் பொட்டியண்ணனே எழுந்து வந்து துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வழக்கம் போல வெயிலில் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து மூலையில் கையெழுத்துப் போட்டார். "சுத்தமா வந்திருக்குதுங்க பாய்" என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்குள் போய்விட்டார்.

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, தக்காளி, பஸ்காரன் ஹாரன், கையெழுத்து வாங்கும் சட்டம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மண்டையில் வந்து உட்கார்ந்தன.

நானும் அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டேன். இரண்டு தலைக்கு அதில் இடம் கிடையாது. அவர் காது என் கன்னத்தில் உரசியது. உள்ளே கறுப்புப் பேப்பர் மேல் நெருக்க நெருக்க வெள்ளைச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் நாலு நம்பர், பக்கத்தில் ஒரு பெயர். பழுத்த தக்காளி. கொத்தமல்லித் தழை. செங்கல். மாமரத்துக் கொழுந்து.

"என்ற ஊட்டுக்காரி சொல்லச் சொல்ல எழுதினதுங்க" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அண்ணே, தோல் சிவப்பாவும் உள்ள பச்சையாவும் வந்திருக்குண்ணே."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க தம்பி. பொறந்ததுல இருந்தே அப்படித்தான். நாலு நம்பர் இருந்த வரைக்கும் சமாளிச்சுட்டேன். கலர் தெரியாதவனுக்குக் கலர் வேலையான்னு மொதலாளி கேட்டா நான் என்னங்க சொல்றது? எனக்கு இதை விட்டா வேற வேலை தெரியாது. வேற கம்பெனிக்கும் போக முடியாதுங்க. இங்க காலைல பேசினது மத்தியானம் பெருமாநல்லூர் போயிரும்."

நான் பெட்டியிலிருந்து தலையை எடுக்கவும் முதலாளி உள்ளே வரவும் சரியாக இருந்தது. அவர் கண் நேராகத் துணிக்குத்தான் போனது.

"இதென்னங்க பழம்?"

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "பிலிம் பேரை நான் மாத்திச் சொல்லிட்டேன் சார்" என்றேன்.

"தர்ப்பூசணி தின்னதே இல்லீங்களா நீங்க? செவப்பு எது பச்சை எதுன்னு உங்களுக்குக் கண்ணு தெரியலீங்களா?" கொங்குக்காரர்கள் எவ்வளவு கோபப்பட்டாலும் 'ங்க' போடுவார்கள். திட்டு வாங்குகிறவனுக்கு அதனால் வலி குறையாது.

"தம்பிக்கு நல்லாத் தெரியுமுங்க" என்றது பெட்டி. "எனக்குத்தானுங்க தெரியாது."

தலையை வெளியே எடுக்காமலே அவர் எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி அந்த முதுகைப் பார்த்தபடி நின்று கேட்டார். பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருசமாங்க?"

"இங்க சேந்ததுல இருந்துங்க. பதினாறு வருசம்."

"பதினாறு வருசத்துல கலர் தப்புன்னு ஒரு துணி திரும்பி வந்ததில்லீங்களே."

"நம்பர் இருந்துச்சுங்க. இப்பப் போயிருச்சு."

முதலாளி துணியை மடித்து மேஜை மேல் வைத்தார். "கண்ணு நல்லாத் தெரியறவன் எத்தனை பேரு எத்தனை துணியைக் கெடுத்திருக்கான்னு எனக்குத் தெரியுமுங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மாசாமாசம் வாடகை குடுக்கறமே, அந்த நாலு நம்பரை மட்டும் எப்படித் தராமப் போவான்? எங்க ஒளிச்சு வெச்சிருக்கறான்னு தேடுங்க தம்பி. பாய், பிலிம் பேரை மாத்திப் போட்டு இன்னொரு சாம்பிள் எடுங்க. நேரம் இல்லை." கடைசியாக முதுகைத் தொட்டு, "வெளிய வாங்க, டீ குடிச்சுட்டு வரலாம்" என்றார்.

அவர்கள் போனதும் நான் பெட்டிக்குள் குடியேறினேன். மெனுவுக்குள் மெனு, அதற்குள் ஒரு மெனு, கடைசியில் ஒரு மூலையில் கடுகளவுக்கு ஒரு கட்டம். அதில் டிக் போட்டதும் நாலு நம்பரும் வந்து நின்றன. அரை மணி நேரத்து வேலை. அவர் கூப்பிட்ட அன்றைக்கே செய்திருக்கலாம். டீ குடித்துவிட்டு வந்த பொட்டியண்ணன் உள்ளே பார்த்தார். சதைமேல் குழாயை வைத்து நாலு நம்பரையும் மெதுவாக வாய்விட்டுப் படித்தார். "தக்காளிங்க" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டீ ரொம்பச் சூடு என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

மேடம் வந்தார். பச்சைத் தோல் போட்ட தர்ப்பூசணியை இரண்டே நிமிஷத்தில் ஓகே செய்தார். பெட்டியைக் காட்டி அது என்னவென்று கேட்டார். "எங்க கம்பெனி ஸ்பெஷல் மெத்தடுங்க மேடம்" என்றார் முதலாளி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். மேடம் அதையும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

இதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசவில்லை. பெருமாநல்லூருக்கும் போகவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து காதர் பாய் துணியைப் பொட்டியண்ணன் மேஜையில் வைக்கும்போது, "பச்சை கொண்டாந்திருக்கேன்" என்று சும்மா சொல்லி வைத்தார். அச்சான துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்கள் பொட்டியண்ணனைத் தாண்டிப் போகும்போது, "செவப்பு பண்டல் போகுதுங்கண்ணா" என்றார்கள். சொல்லுங்கள் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. நானும் சொல்ல ஆரம்பித்தேன். நாலு வருஷம் அவர் கூடவே இருந்து சொன்னேன்.

அப்புறம் நான் வேலை மாறிச் சென்னைக்கு வந்துவிட்டேன். "அந்தச் சிவப்புக் கதவு வீட்டுக்குப் பக்கத்துல", "பச்சை மூடி போட்ட டப்பாவை எடு" என்று எதற்கெடுத்தாலும் கலர் சொல்கிறேனாம். "எனக்கென்ன கண்ணா தெரியல?" என்று என் மனைவி கேட்கிறாள். பக்கத்தில் இருக்கிற ஒருத்தர் காதில் விழட்டும் என்று சொல்லிப் பழகிய வாய். அவர் பக்கத்தில் இல்லை என்பது ஒவ்வொரு தடவையும் சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வருகிறது.