மாட்டு ஊசிக்காரரின் கோட்டு

ஒரே அறுவடைக்குள் சிவப்புக் கொடிக்காரர், மிராசுதார் ஆள், முருக பக்தர் என்று மூன்று பெயரும் வாங்கிய மனிதர் பழைய தஞ்சாவூர் ஜில்லா முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் மாட்டு ஊசி. மூன்று பெயருக்கும் காரணம் நான். எனக்கும் வயசாகிவிட்டது, சொல்லிவிடுவது நல்லது.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. திருத்துறைப்பூண்டி பக்கம் மாட்டு ஆஸ்பத்திரியில் உத்தியோகம். பசு பருவத்துக்குக் கத்துகிறது என்று ஆள் வந்து சொன்னால் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்ச் சினை ஊசி போட்டுவிட்டு வருவார். மருந்தை ஐஸ் வைத்த பிளாஸ்க்கில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருப்பார். டீக்கடையில் வெளியூர்க்காரன் எவனாவது பிளாஸ்க்கில் காப்பியா என்று கேட்டால், கொஞ்சம் ஊற்றட்டுமா என்று மூடியைத் திருகுவார். நாங்கள்தான் ஓடிப்போய்த் தடுப்போம்.

அந்த வேலையில் ஒரு அவசரம் உண்டு. கத்துகிற மாட்டுக்கு அன்றைக்கே ஊசி விழ வேண்டும். தவறினால் அடுத்த பருவம் வரைக்கும் இருபத்தோரு நாள் போச்சு. அதனால் எல்லாத் தெருவுக்கும் அவர் போயாக வேண்டும், எல்லாத் தெருவும் அவரை உள்ளே விட்டாக வேண்டும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அப்போது ரைஸ் மில் ஒன்றில் நெல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். மார்கழி கடைசி. விடிந்த பிறகும் பனி விலகாது. போதாக்குறைக்கு ரோடெல்லாம் கதிர். எங்கள் பக்கம் தார் ரோடு போட்டது வண்டி போக என்று சர்க்கார் நினைத்துக்கொண்டிருந்தது. கதிரைப் பரப்பி நெல் உதிர்க்க என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நம்ம ஆள் காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை. வண்டியும் மண் கலர். வைக்கோல்மேல் வைக்கோல் போகிற மாதிரிப் போயிருக்கிறார். என் லாரியின் ஓரம் லேசாகத் தட்டியது. வண்டியோடு வாய்க்காலில் இறங்கிவிட்டார்.

இறங்கி ஓடினேன். தலையில் ஆகாயத்தாமரையோடு ஏறி வந்தவர் முதலில் பிளாஸ்க்கைக் குலுக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கெட்ட வார்த்தைக்குத் தயாராக நின்றேன்.

"டிரைவரே, என்ன கலர்ல வந்திருந்தா உங்க கண்ணுல பட்டிருப்பேன்?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "சிவப்புங்க."

நாலே நாளில் சிவப்புக் கோட்டு தைத்துவிட்டார். மண்ணெண்ணெய் அடுப்புபோல எரிந்துகொண்டு வருவார். லாரிக்காரர்கள் எல்லோருக்கும் பரம சந்தோஷம்.

ஆனால் அந்த அறுவடையில் கூலித் தகராறு முற்றியிருந்தது. அறுப்பு ஆட்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்குவோம் என்றார்கள். நிலத்துக்கு உச்சவரம்பு என்று சட்டம் வந்து, நிலமெல்லாம் இன்னும் பிறக்காத பேரன்கள் பெயருக்குப் போய்ச் சேர்ந்திருந்த நேரம். வயலில் சிவப்புக் கொடி நின்றால் அங்கே அறுப்பு நின்றது என்று அர்த்தம். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். கோட்டுக்குக் கலர் சொல்லும்போது எவன் கொடியை நினைக்கிறான்?

மேலத்தெரு மிராசு வீட்டில் பசு கத்தியது. சிவப்புக் கோட்டோடு போய் நின்றார். மிராசு வெளியே வந்து, "ஏன்யா, கொல்லையிலயே கொடி நட வந்துட்டியா?" என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டார். மாடு கத்திக்கொண்டே இருந்தது. இருபத்தோரு நாள் போச்சு. அதே கோட்டோடு அறுப்பு ஆட்கள் தெருவுக்குப் போனால் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். இவர் கோமாரி நோயைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார். கை தட்டினார்களாம்.

மறுநாள் என் லாரியை மறித்து விஷயத்தைச் சொன்னார். யோசித்துப் பச்சை என்றேன். மிராசுதார்கள் சங்கம் வைத்துப் பச்சைத் துண்டு போட ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு எங்கே உறைத்தது? மேலத்தெருவில் ராஜ மரியாதை. ஆட்கள் தெருவில் அஞ்சலை வழியை மறித்துக்கொண்டாள். அஞ்சலை நடவு ஆட்களுக்குத் தலைவி. அவள் கை தூக்கினால் நாலு ஊர் நாற்று நடாது.

"போன வாரம் எங்க தோழரு, இந்த வாரம் மிராசுக்குச் சம்பந்தியா? அடுத்த வாரம் யாரு ஊசிக்காரரே?"

அடுத்த வாரம் மஞ்சள். அதுவும் நான் சொன்னதுதான். தைப்பூசத்துக்கு நடைப்பயணம் போகிறவர் என்று நினைத்து, தெருவுக்குத் தெரு பெண்கள் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். மாட்டுப் பக்கம் மட்டும் விடவில்லை. விரதத்தில் இருக்கிறவரை அந்த வேலைக்கு விடுகிற பாவம் எங்களுக்கு எதற்கு என்று இரண்டு தெருவும் ஒரே குரலில் சொல்லிவிட்டது. அந்த வருஷம் இரண்டு தெருவும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

காக்கிக்கே திரும்பிவிடுங்கள் சார் என்று நான் அழாத குறையாகச் சொன்னேன். எதற்கு, மறுபடி வாய்க்காலில் இறக்கவா என்று கேட்டார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

கடைசியில் டெய்லர் கடைக்குப் போய் மூட்டையில் கிடந்த வெட்டுத் துணியெல்லாம் வாங்கி, சிவப்பு ஒரு சாண், பச்சை ஒரு சாண், மஞ்சள், ஊதா, ஜரிகைக் கரை, கட்டம் போட்ட லுங்கி என்று ஒட்டுப் போட்டுத் தைக்கச் சொன்னார். முதுகில் சைக்கிளுக்குப் பின்னால் மாட்டுகிற சிவப்புக் கண்ணாடி எட்டு. ஊரில் உள்ள எல்லாக் கட்சியும் அதில் இருந்தது. அதனால் எந்தக் கட்சியும் இல்லை.

அதற்குப் பரீட்சை வேறு. விடியற்காலை என் லாரி விளக்கைப் போடச் சொல்லி, முதுகைக் காட்டியபடி பனிக்குள் நடந்தார். "இப்பத் தெரியுதா டிரைவரே?" தெரியுதுங்க. பத்தடி போய் மறுபடி கேட்பார். தெரியுதுங்க. அவர் நடக்க, நான் பின்னால் லாரியை உருட்ட, மூன்றாவது மைல் கல் வரைக்கும் கத்திக்கொண்டே போனோம். எனக்குப் பின்னால் ஒரு பஸ்ஸும் ஏழு மாட்டு வண்டியும் ஊர்ந்து வந்தது அப்புறம்தான் தெரிந்தது.

இப்போது மனிதர்கள் விட்டார்கள், மாடுகள் விடவில்லை. கோட்டைக் கண்டதும் பசுக்கள் முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடின. மிராசு வீட்டுக் காளை வைக்கோல் போரில் ஏறிவிட்டது என்பார்கள். நான் பார்க்கவில்லை. அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது அஞ்சலைதான் கேட்டாள், தெருமுனையில் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு வந்தால் என்ன என்று. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு மாதமாக இது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

தை முடிகிற சமயம் தகராறு ரோட்டுக்கு வந்துவிட்டது. மிராசின் நெல்லை ஏற்றிக்கொண்டு நான் வர, மதகடியில் கட்டையைக் குறுக்கே போட்டு அஞ்சலையின் ஆட்கள் நின்றார்கள். எதிர்ப்பக்கம் மிராசின் ஆட்கள். எல்லார் கையிலும் கம்பு. நடுவில் நான், லாரி, பனி. அப்போது பனிக்குள்ளிருந்து மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. போலீஸ்தான் என்றான் ஒருவன். மிராசு இறக்கிய அடியாட்கள் என்றான் இன்னொருவன். மதகடியில் குவித்திருந்த கல்லெல்லாம் ஆளுக்கொன்றாகக் கைக்குப் போனதைப் பார்த்தேன். யார் வண்டி என்று எனக்குத் தெரியும். நான் கத்தியது அந்தக் கூச்சலில் யார் காதில் விழும்? காக்கியில் வந்திருந்தால் அன்றைக்கு அவர் கதை முடிந்திருக்கும்.

முதலில் சிவப்பு, பிறகு ஊதா, பிறகு லுங்கிக் கட்டம். பனியைக் கிழித்துக்கொண்டு அந்தக் கோட்டு வந்தது.

"அட, நம்ம ஊசி" என்றாள் அஞ்சலை. கல்லெல்லாம் கீழே விழுந்தது.

மிராசு வீட்டில் வேறொரு பசுவுக்குக் கன்று குறுக்கே நின்றுவிட்டதாம். அவசரமாகப் போகிறார். கட்டையை நகர்த்தச் சொன்னாள் அஞ்சலை. அவர் பாட்டுக்குப் போயிருக்கலாம். வண்டியை நிறுத்தி அஞ்சலையிடமே கேட்டார்.

"ரெண்டு பேரை அனுப்பும்மா. கன்னை இழுக்கணும். அங்க இருக்கிறவனுங்களுக்குக் கயிறு பிடிக்கக்கூடத் தெரியாது."

அவள் ஆட்களில் பலசாலியாக இரண்டு பேரைப் பொறுக்கி அனுப்பினாள். வண்டியில் பின்னால் தொற்றிக்கொண்டு போனார்கள். ஒரு மணி நேரம் கழித்து, கையெல்லாம் வழும்பாகத் திரும்பி வந்து, கிடாரிக் கன்று என்று சொல்லிவிட்டு, மறுபடி கம்பை எடுத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றார்கள். தகராறு அன்றைக்குத் தீரவில்லை. தாசில்தார் வந்து மூன்று நாள் பேசினார். ஆனால் அந்த மதகடியில் அன்று யார் தலையும் உடையவில்லை.

பிறகு அவரை எங்கெங்கோ மாற்றினார்கள். பல வருஷம் கழித்து எனக்கு ஒரு பத்திரிகை வந்தது. எனக்கு எழுத்துக் கூட்டவும் வராது. தபால்காரர் படித்தார். திருக்கடையூரில் யாருக்கோ அறுபதாம் கல்யாணம். பெயரைக் கேட்டேன், எனக்குத் தெரிந்தவர் இல்லை. விலாசம் தப்பு, கொண்டுபோங்கள் என்றேன். கீழே பேனாவில் ஏதோ எழுதியிருக்கிறதே என்றார் தபால்காரர். 'மாட்டு ஊசி' என்று இருந்தது.

போனேன். அன்றைக்கு முகூர்த்த நாள். பிராகாரம் முழுக்கக் கிழவன் கிழவி ஜோடிகள். எல்லாருக்கும் அதே மாலை, அதே பட்டுக்கரை வேட்டி, அதே நரைத்த தலை, அதே ஹோமப் புகை. சொந்தக்காரர்களே அடுத்த ஜோடி காலில் விழுந்துவிட்டு எழுந்து அசடு வழிந்தார்கள். எனக்குக் கண்ணில் புரை வேறு ஏறியிருந்தது.

தூணுக்கு அந்தப் பக்கம், மூன்றாவது வரிசையில், புகைக்குள் சிவப்பும் ஊதாவும் லுங்கிக் கட்டமுமாக உட்கார்ந்திருந்தார். நான் அவரைத் தேடவே இல்லை.