ஏழு புள்ளி ஏர் பிளாஸ்ட்

ஒரு தொழிலைக் கொஞ்சம் நன்றாகக் கற்றுக்கொண்டவனைப் போல ஆபத்தானவன் கிடையாது. மற்ற தொழில்கள் எல்லாம் அவனுக்கு லீவு நாளில் செய்து முடிக்கிற சில்லறை வேலைகளாகத் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில் நான் அப்படி ஓர் ஆளாக இருந்தேன். சாட்சியாக எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஒரு சாப்பாட்டு மேஜை நிற்கிறது.

அப்போது தங்கவயலில், பெரிய பெரிய இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் நான் ஃபிட்டர். திருச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவன். இரும்பை நூலிழை பிசகாமல் அளந்து வெட்டுவேன் என்று எனக்கு நினைப்பு. (பெண் பார்க்கப் போன இடத்தில், காபி டம்ளரின் விளிம்பு வட்டமாக இல்லை என்று சொன்னவன் நான்.) அதையும் பொறுத்துக்கொண்டு பெண் கொடுத்தவர் என் மாமனார். அதே ஊரில் பாலகாட்டு என்கிற சுரங்கப் பகுதியில் குடியிருந்தார். முப்பது வருஷம் தங்கச் சுரங்கத்துக்குள் பாறையில் துளை போட்டு ஓய்வு பெற்றவர்.

அந்த முப்பது வருஷம் அவருடைய முட்டிகளைத் தின்றுவிட்டது. தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும். அதனால் எங்கள் வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காபியோடு கிளம்பிவிடுவார். சாப்பிடச் சொன்னால் பசியில்லை என்பார். அவர் போன பிறகு, அவருக்காக வைத்த கறிக்குழம்பை என் மனைவி செல்வி எனக்கு ஊற்றுவாள். அவள் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

அந்த வருத்தத்தில்தான், நானே ஒரு மேஜை செய்யப்போவதாக அறிவித்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமா நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார் என்றும் சேர்த்துச் சொல்லித் தொலைத்தேன்.

இரும்பு ஆங்கிளை வெட்டி, வெல்டிங் வைத்து, நான்கு காலுள்ள சட்டம் ஒன்று செய்தேன். அது நன்றாகவே வந்தது. மேலே போட ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கடப்பாக் கல் வாங்கினேன். நீளத்தில் நாலு அங்குலம் கூடுதல். கடைக்காரர் அங்கேயே வெட்டித் தருவதாகச் சொல்லி, சாக்பீஸால் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானே வெட்டிக்கொள்கிறேன் என்றேன். கல் இரும்பு மாதிரி இல்லை சார் என்றார். இரும்பையே வெட்டுகிறவனிடம் போய் இதைச் சொல்கிறாரே என்று அவருக்காகப் பரிதாபப்பட்டேன்.

சனிக்கிழமை மதியம் செல்வி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். இரண்டு ஸ்டூல்களைத் தள்ளித் தள்ளிப் போட்டு, கல்லின் இரண்டு ஓரங்களையும் அவற்றின் மேல் வைத்தேன். நடுவில் வெறும் காற்று. நண்பரிடம் இரவல் வாங்கிய கட்டிங் மெஷின் பக்கத்தில் தயாராக இருந்தது. மூலைமட்டம் வைத்து ஊசியால் கோடு கிழித்தேன். கோடு கிழித்தால் ஃபிட்டருக்கு அடுத்த வேலை பஞ்ச் அடிப்பது. முனை கூரான அந்த இரும்புக் கோலைக் கோட்டின் மேல் நிறுத்திச் சுத்தியலால் தட்டினால் ஒரு புள்ளி விழும். அங்குலத்துக்கு ஒன்று. கோடு அழிந்தாலும் புள்ளி நிற்கும். எட்டு வருஷமாக என் கை தானாகச் செய்துகொண்டிருந்த வேலை அது. எதிரில் இருப்பது கல் என்று கைக்குத் தெரியாது. (தலைக்கும் தெரியவில்லை.)

ஆறு புள்ளிகள் அழகாக விழுந்தன. ஏழாவதுக்கு அப்பளம் உடைவது போல ஒரு சத்தம். புள்ளியிலிருந்து கிளம்பிய விரிசல், என் கோட்டைச் சட்டைசெய்யாமல் மூலைவாக்கில் இரண்டு பக்கமும் நடந்து ஓரங்களில் போய் இறங்கியது. பெரிய துண்டு ஒன்று, சின்னத் துண்டு ஒன்று. கட்டிங் மெஷினுக்கு நான் இன்னும் கரண்ட்கூடக் கொடுக்கவில்லை.

அந்த ஊரில் ஏர் பிளாஸ்ட் என்று ஒன்று உண்டு. சுரங்கத்தின் ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும், மேலே வீடுகள் குலுங்கும். நான் வந்த புதிதில் ஒரு டீக்கடையில் அப்படி ஆகி, தெருவுக்கு ஓடினேன். மற்றவர்கள் டம்ளரைக் கையால் பிடித்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பேசினார்கள். சுவர் விரிந்தாலும் சாமி படம் விழுந்தாலும் அங்கே காரணம் அதுதான். யாரும் குறுக்கு விசாரணை செய்யமாட்டார்கள்.

"இன்னாங்க இது?" என்றபடி செல்வி பையைக் கீழே வைத்தாள்.

"ஏர் பிளாஸ்ட்" என்றேன்.

அவள் கல்லைப் பார்த்தாள். பிறகு அலமாரியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபடியே நின்ற டம்ளர்களைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் ஒன்றும் கேட்கவில்லை என்றால் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் தப்பித்தோம் என்று சுத்தியலையும் பஞ்சையும் கட்டிலுக்கடியில் தள்ளினேன். புள்ளிகளின் ஞாபகம் வரவே இல்லை.

மறுநாள் மாமா வந்தார். ஏர் பிளாஸ்ட்டில் கல் போய்விட்டதாக இவர் சொல்கிறார் என்று செல்வி ரேடியோவில் செய்தி வாசிப்பது போலச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சி மாப்ள?" என்று மாமா கேட்டார்.

பக்கம் என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். குத்துமதிப்பாகக் கையை நீட்டினேன்.

"அது பாலகாட்டு. நேத்தெல்லாம் நான் அங்கதான இருந்தேன்."

கையை இன்னொரு சுரங்கமான கோரமண்டல் பக்கம் திருப்பினேன். (ஏர் பிளாஸ்ட்டை இடம் மாற்றிய முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன்.) அவர் நாற்காலியைக் கல்லருகே இழுத்துப்போட்டு மெல்ல உட்கார்ந்து, அதன் மேல் விரலை ஓட்டினார். எண்ணுவது உதட்டில் தெரிந்தது. ஏழில் நின்றது.

"முப்பது வருஷம் கீழ இருந்துட்டேன். எத்தினியோ ஏர் பிளாஸ்ட் பாத்தாச்சி. இஞ்சுக்கு ஒண்ணுன்னு புள்ளி வெச்சிக்கினு வந்தத இப்பதான் பாக்கறேன்."

சமையலறையில் கரண்டி கீழே விழுந்தது. செல்வி சிரித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். உங்களை உட்காரவைத்து ஒரு வேளை சோறு போட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன் என்றும் சொன்னேன். அவர் பெரிய துண்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"அதுக்கு இன்னா. பெருசத் தூக்கி மேல போடுங்க. பசிக்குது" என்றார்.

பெரிய துண்டு மூன்று கால்களின் மேல் உட்கார்ந்தது. நான்காவது கால் எதையும் தாங்காமல் வெறுமனே நின்றது. மாமா அகலமான பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு முறை குழம்பு வாங்கிக்கொண்டார். நான் நான்காவது காலுக்குப் பக்கத்தில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

என் இடம் இன்றைக்கும் அதுதான். புதுக் கல் வாங்கலாம் என்று பேச்செடுத்தால், அப்பா உட்கார்ந்த கல் என்று செல்வி முடித்துவிடுவாள். எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் யார் உடைத்தது என்று கேட்கும் வழக்கம் கிடையாது. போன மாதம் பெங்களூரிலிருந்து மகள் போன் செய்து, ஸ்கூட்டரின் முன்பக்கம் நொறுங்கிவிட்டதாகச் சொன்னாள். உனக்கு அடி இல்லையே என்று கேட்டேன். இல்லை என்றாள். எப்படி ஆனது என்றேன்.

"ஏர் பிளாஸ்ட்ப்பா."

"எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சி?" என்று எனக்குப் பின்னாலிருந்து செல்வி கேட்டாள்.

சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஏர் பிளாஸ்ட் இப்போது எங்கள் வீட்டில் மட்டும்தான் வருகிறது.