நாலாவது டிஸ்க் மீது ஒரு விசாரணை

லக்ஷ்மிபாய் நகர், புது தில்லி
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்பிள்ளை ஜெயந்த் அவர்களுக்கு,

சிவஞானம் ஆசிகளுடன் எழுதுவது. நானும் உங்கள் மாமியார் லீலாவதியும் உடம்பளவில் நலம். புனேயில் நீங்களும் சுகம் என்று மகள் மாதங்கி போனில் சொன்னதை இப்போதைக்கு நம்பியிருக்கிறேன்.

லீலாவதி தன் பாட்டு வகுப்பில் இருபது வருஷமாகப் பதிவு செய்தவற்றைப் பத்திரப்படுத்த நீங்கள் வைத்துப் போன கம்ப்யூட்டர் பெட்டியில் முதலில் மூன்று டிஸ்க் இருந்தது. பொங்கலுக்கு வந்தபோது நாலாவதைச் சேர்த்து, இனி வேகம் கூடும் என்றீர்கள். பாட்டை எடுக்கும்போது கூடியது, மறுப்பதற்கில்லை. புதுப் பாட்டைச் சேர்க்கும்போது அந்த அளவு கூடவில்லை. கேட்டதற்கு, எடுக்கும்போது நாலும் சேர்ந்து சுமக்கும், எழுதும்போது மட்டும் கூடுதலாக ஒரு கணக்குப் போட்டு வைக்கும், அதனால் ஒன்று போனாலும் மற்ற மூன்றும் ஈடுகட்டும் என்றீர்கள். ஒன்று போனாலும் நடக்கும் என்றால் அந்த ஒன்று எதற்கு? முப்பத்தி நாலு வருஷம் விஜிலென்ஸில் இருந்தவன் நான். நாலு நாற்காலியில் மூன்று பேர் வேலை செய்யும் இடம் எனக்குத் தெரியும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயரே ரெய்டு என்றீர்களே, நான் பார்க்காத ரெய்டா?

செவ்வாய்க்கிழமை முன்னறிவிப்பின்றி நாலாவதை உருவினேன். பெட்டி கீச்சென்று கத்தியது, பாட்டு நிற்கவில்லை. முன்னைவிட மெதுவாக வருகிறது என்றாள் லீலாவதி. அவள் எப்போதும் டிஸ்க் கட்சி. திரும்பச் சொருகியதும் விளக்குகள் மூச்சுவிடாமல் மினுக்கின. விட்டுப்போனதை நிரப்பிக்கொண்டிருக்கிறது, தொடாதீர்கள் என்று திரையில் எழுதி வந்தது. அதிகாரியைக் கண்டதும் எல்லாரும் ஃபைலைப் புரட்டுவதை எவ்வளவோ பார்த்தாயிற்று. நடிப்பென்று முடிவு கட்டி இரண்டாவதையும் உருவினேன். பாட்டு பாதி வரியில் நின்றது. மறுபடி சொருகியும் பெட்டி வாய் திறக்கவில்லை. தூக்கிக்கொண்டு போனால், நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் கடைக்காரர் பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "அங்கிள், ஏக் தக் டீக் தா" என்றார். ஒன்றோடு நிறுத்தியிருக்கலாமாம், இரண்டை உருவியதில் இருபது வருஷப் பாட்டும் போயிற்றாம்.

லீலாவதி திட்டவில்லை. "உங்க சர்வீஸ்ல யாரையாவது நம்பியிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அதன்பின் வீட்டில் பாட்டில்லை, பேச்சில்லை. வகுப்புப் பிள்ளைகளையும் திருப்பி அனுப்பிவிட்டாள். குற்றம் என்னுடையது, நாலாவது டிஸ்க் நிரபராதி என்று எழுத்து மூலம் ஒப்புக்கொள்கிறேன். என்னை மன்னித்து ஒரு வழி சொல்லுங்கள்.

ஒருவரையொருவர் சந்தேகிக்காமல் இருவரும் நூறாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
சிவஞானம்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது லீலாவதி வாய் திறந்தாள். பொங்கலன்றே எல்லாப் பாட்டையும் பிரதி எடுத்துப் புனேக்குக் கொண்டு போய்விட்டீர்களாம். "அப்பா எப்படியும் கழட்டிப் பார்ப்பார்" என்று மாதங்கிதான் சொன்னாளாம். ஐந்து நாளாக மூவரும் கூட்டு. ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு ரத்து. அந்தப் பிரதி எத்தனை டிஸ்கில் இருக்கிறது என்று உடனே தெரிவிக்கவும். நேரில் பார்வையிட டிக்கெட் போட்டாயிற்று.