சோத்தாங்கைப் பக்கத்து மணி

சாயல்குடி பக்கம்,
மாசி மாதம் கடைசி வெள்ளி

மாப்பிள்ளை மாரீஸ்வரன் அவர்களுக்கு மாமன் வீரையா எழுதும் கடிதம். தங்களையும் மகள் கோகிலாவையும் ராக்காச்சி அம்மன் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பாளாக. இங்கே ஆடுகள் நலம். மிளகாய் நலம். தங்கள் அத்தை முருகம்மாளும் நலம் என்றே நினைக்கிறேன். அவள் என்னோடு பேசி ஒன்பது நாளாகிறது, கேட்டுச் சொல்ல ஆளில்லை.

மெட்ராஸிலிருந்து தாங்கள் அனுப்பிய ஹெட்போனும் சிவராத்திரிப் பூசைப் பதிவும் வந்து சேர்ந்தன. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம், ஆனால் நான் போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். பக்கத்து வீடு என் சித்தப்பா மகன் முத்தழகு வீடு. விசயமே அவன்தான்.

சிவராத்திரிப் பூசைக்கு வந்தப்ப அம்மனோட ரெண்டு காதுக்குப் பக்கத்துலயும் ரெண்டு மைக்க வச்சுப் பதிஞ்சீகள்ல, "அம்மனுக்குக் கேக்குற மாதிரியே உங்களுக்கும் கேக்கும் மாமா"ன்னு சொன்னீக. நான் நம்பல. நம்ம ஊருல குழாய் ரேடியோவப் பனைமரத்து உச்சியில கட்டுவோம். எந்தப் பாட்டுப் போட்டாலும் பனைமரத்துல இருந்துதான் வரும். பாடுறவரு, தபேலாக்காரரு, கூடப் பாடுற பொம்பளைக, அம்புட்டுப் பேரும் அந்தக் குழாய்க்குள்ள ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காந்துதான் பாடுவாக. அம்பது வருசம் அப்பிடிக் கேட்ட காது இது.

மொளகா காயுற களத்து ஓரமா உக்காந்து, நல்ல காரியம்னு சோத்தாங்கைப் பக்கம் வயரு வர்ற மாதிரிப் பாத்து, கும்புட்டுட்டுத்தான் ஹெட்போன மாட்டுனேன். மாப்பிள்ளை, என் தலையச் சுத்திப் பந்தல் போட்ட மாதிரி ஆயிருச்சு. முன்னால உறுமி. அதுக்கும் தள்ளி, ஒரு களம் தூரத்துல குலவை. சலங்கை ஒரு காதுல ஏறி, நெத்தி வழியா நடந்து, மறு காதுல இறங்கிப் போகுது. முதுகுக்குப் பின்னால யாரோ இருமுறாக. செல்லச்சாமி பெரியப்பா இருமல். "வாங்க பெரியப்பா"ன்னு எந்திரிச்சு இடம் விட்டேன். விட்ட இடத்துல ஆடு வந்து படுத்துக்கிருச்சு.

அதோட கழட்டி வச்சிருக்கலாம். பூசை மணி கேட்டுச்சு. பீச்சாங்கைப் பக்கமிருந்து.

எங்க முறை உங்களுக்குத் தெரியாது. மூத்த வீட்டு ஆளு அம்மனுக்குச் சோத்தாங்கைப் பக்கம் நின்னு மணியாட்டணும். இளைய வீட்டு ஆளு பீச்சாங்கைப் பக்கம் நின்னு சேகண்டி அடிக்கணும். மூத்த வீடு நான், இளைய வீடு முத்தழகு. எங்கய்யா காலத்துக்கு அப்புறம் நான் இடம் மாறி நின்னதே இல்ல. ஆனா அம்மன் காதுல மணி அங்கிட்டும் சேகண்டி இங்கிட்டும் கேக்குது. பதினோரு தடவ கேட்டேன். என் காலாவது மறந்துபோகும், மிசினு எதுக்குப் பொய் சொல்லணும். சாமியாடி வந்த நெரிசல்ல இவன் என்னையத் தள்ளிவிட்டுட்டு என் பக்கத்தப் பிடிச்சிட்டான்னு முடிவு பண்ணிட்டேன்.

"ஏலே முத்தழகு, சிவராத்திரிக்கு எங்கன நின்ன?"

"பீச்சாங்கைப் பக்கந்தாண்ணே. அங்கன கெடக்குற உரல்ல இடிச்சுக்கிட்டேன், இந்தா காயம்."

அது போன வருசத்துக் காயம்னு சொல்லிட்டேன் மாப்பிள்ளை.

ஊர்க்கூட்டம் போட்டேன். அஞ்சு பெரியவுக தலையிலயும் என் கையால, வயரு சோத்தாங்கைப் பக்கம் வர்ற மாதிரி, முறையா மாட்டிவிட்டேன். செல்லச்சாமி பெரியப்பா, "யாருடா இது, சாகப்போறவன் மாதிரி இருமுறது?"ன்னு கேட்டாக. "நீங்கதான்"னேன். மறுநாளே ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாக. ஆனா அஞ்சு பேரும் ஒரே சொல்லாச் சொன்னாக, மணி பீச்சாங்கைப் பக்கம்னு. முத்தழகு ஹெட்போனத் தொடக்கூட இல்ல. "நின்னவன் நான். நான் நின்ன எடத்த மிசினு வந்து சொல்லணுமா?"ன்னு சேகண்டிய என் காலடியில வச்சுட்டுப் போயிட்டான்.

உங்க அத்தை கடைசியாப் பேசுனது அன்னைக்குத்தான். "கூடப் பொறந்தவன் மாதிரி இருக்குற மனுசன் மூஞ்சியப் பாத்து உங்களுக்குத் தெரியல, ரெண்டு கிண்ணத்தக் காதுல கவுத்துக்கிட்டு நியாயம் பேசுறீக."

போன வெள்ளி நான் ஒத்தையில மணியாட்டுனேன். மறுபக்கம் வெறிச்சோடிக் கெடந்துச்சு. அம்மனுக்கு ஒரு காது அடைச்ச மாதிரி இருந்திருக்கும். இன்னைக்கு மேகம் கூடுது. மொளகாய அள்ளணும், சாக்கப் பிடிக்க ஆளில்ல. வருசா வருசம் அவன்தான் பிடிப்பான். ஒத்தையில அள்ளுனா பாதி மண்ணுதான் வரும். எனக்கு எதுலயும் கை ஓடல.

ஒரே ஒரு உதவி. அந்த மணிய ஒரு காதுல இருந்து மறு காதுக்கு மாத்த வழி இருந்தா மாத்தி அனுப்புங்க. நடந்தது எப்பிடியும் இருந்துட்டுப் போகட்டும், கேக்குறதாவது சரியாக் கேக்கட்டும்.

நீங்களும் கோகிலாவும் எந்தப் பக்கம் நின்னாலும் பக்கத்துல பக்கத்துல நின்னு நீடூழி வாழணும்.

இப்படிக்கு,
ஆள் இருந்தும் துணையில்லாத
மாமன் வீரையா

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போறப்ப உங்க அத்தை வந்து ஹெட்போனப் பிடுங்கி மாட்டுனா. வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தவ, சோத்தாங்கையில வயரு தட்டுதுன்னு திருப்பி மாட்டுனா. ஒன்பது நாள் கழிச்சு வாயத் தெறந்தா. "மணி சோத்தாங்கைப் பக்கந்தான கேக்குது." வாங்கி அப்பிடியே மாட்டிப் பாத்தேன். கேக்குது. ரெண்டு கிண்ணத்துலயும் ஆளுக்கொரு இங்கிலீசு எழுத்துப் போட்டிருக்கு. கம்பெனி பேருன்னு நெனச்சிருந்தேன். மேல எழுதுனது எதையும் படிக்க வேண்டாம்.

சேகண்டியத் தூக்கிக்கிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். "மிசினுல கோளாறுடா தம்பி"ன்னேன்.

"மிசினுலயா?"

"மாட்டுனதுல."

சேகண்டிய வாங்கி என் மூஞ்சிக்கு நேரா வச்சு ஓங்கி ஒரு அடி அடிச்சான். "எந்தப் பக்கம் கேக்குதுண்ணே?"

"ரெண்டு பக்கமும்."

கதவச் சாத்திட்டான். தூறல் விழவும் களத்துக்கு ஓடுனேன். எனக்கு முன்னால அவன் வந்து சாக்க விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். நான் எந்தப் பக்கம் நிக்கணும்னு மட்டும் கையக் காட்டுனான். போயி நின்னேன்.