தங்கள் தங்கை தூக்கத்தில் சிரிப்பது குறித்து

பாகூர்,
வெள்ளிக்கிழமை மத்தியானம்.

காரைக்காலில் மக்களோடும் மாடியோடும் சிறப்புற வாழ்ந்துவரும் மரியாதைக்குரிய மச்சான் ஆதிமூலம் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஜோதிலட்சுமியின் வீட்டுக்காரன் சாமிநாதன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், தங்கள் தங்கை, கொல்லையில் நிற்கும் இரண்டு தென்னை ஆகிய அனைவரும் சௌக்கியம். அங்கே தங்கள் முழங்கால் வலி குறைந்து, தாங்கள் மறுபடி மாடி ஏறி இறங்குவதாகக் கேள்விப்பட்டுச் சந்தோஷம்.

நிற்க. போன வாரம் நீங்கள் போன் செய்து, "ஜோதி அழுவுது, பத்து நாள் இங்க வந்து இருக்கேன்னு சொல்லுது, இன்னா நடக்குது அங்க" என்று கேட்டீர்கள். நான் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகவே இருந்தது. ஜோதி அடுப்பங்கரையில் இருந்தாள். எங்கள் வீட்டின் அளவு தங்களுக்குத் தெரியும். இந்தக் கோடியில் கொட்டாவி விட்டால் அந்தக் கோடியில் ஏப்பம் வரும். ஆகவே நடந்ததை எல்லாம் கடிதமாக எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படவும்.

நான் கொம்யூன் பஞ்சாயத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் வேலையில் இருந்தவரை, என் வீட்டு மத்தியானத்தை நான் பார்த்ததே இல்லை. சோற்று டப்பாவைத் தொட்டிக்கு அடியில்தான் திறப்பேன். ஓய்வு பெற்ற பிறகுதான் நம் வீட்டுக்கும் மத்தியானம் என்று ஒன்று உண்டு, அது இப்படி இருக்கும் என்று தெரிந்தது. அது ஒரு மாதிரியான நேரம் மச்சான். ஜன்னல் கம்பி வழியாக வெயில் வந்து தரையில் கட்டம் போடும், அந்தக் கட்டம் மெதுவாக நகர்ந்து சுவரில் ஏறும், மின்விசிறி தன்பாட்டுக்கு முனகும், தெருவில் ஒரு சைக்கிள் போனால்கூட எங்கோ தண்ணீருக்கு அடியில் போவதுபோல் கேட்கும். அந்த நேரத்தில் தங்கள் தங்கை பாத்திரம் கழுவிவிட்டு, பாயைப் போட்டு, கையைத் தலையணைக்கு அடியில் விட்டுக்கொண்டு படுப்பாள். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பாள். புன்னகை இல்லை. வாய்விட்டு, தோள் குலுங்க, வெட்கப்பட்டுக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. பிறகு எழுந்து முகம் கழுவி, ஒன்றும் நடக்காததுபோல் டீ போடுவாள். என்ன கனவு என்று கேட்டால், "நானா சிரிச்சேன்?" என்று என்னையே திருப்பிக் கேட்பாள்.

இதில் என்ன தப்பு என்று நீங்கள் கேட்கலாம். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நான் தாலி கட்டிய நாளிலிருந்து என் எந்தப் பேச்சுக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. இவ்வளவு வருஷமும் நான் மோட்டார் சத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது, இவள் இங்கே யாரோடு, எதற்காக இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தாள் என்ற எண்ணம் வந்துவிட்டது. வந்த எண்ணம் போகவில்லை. ஒரு நாள் சிரிப்புக்கு நடுவில் ஏதாவது பெயர் சொல்கிறாளா என்று காதை அவள் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைத் திறந்து பார்த்து அலறியதில் பக்கத்து வீட்டு ஆண்டாள் உலக்கையோடு ஓடி வந்துவிட்டார்.

இதை நான் டீக்கடையில் பக்கிரியிடம் மட்டும் சொன்னேன். அவன்தான் ஒதியம்பட்டில் ஜெயசித்ரா என்று ஒரு பெண் இருப்பதாகவும், வெளிநாட்டுப் படம் போட்ட டாரட் சீட்டு வைத்து மனசில் இருப்பதைப் பார்ப்பதாகவும் சொன்னான். ஓய்வூதியத்துக்கு லைஃப் சர்டிபிகேட் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று ஜோதியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்து அறை. முப்பது வயதுப் பெண். முன்பு ஏதோ கம்பெனியில் வேலை பார்த்ததாம். வாசலில் ஒரு பலகை. பொதுவாக இப்படிப்பட்ட இடங்களில் என்னென்ன பார்க்கப்படும் என்று எழுதியிருக்கும், இங்கே என்னென்ன பார்க்கப்படாது என்று எழுதியிருந்தது. நோய்க்குப் பார்க்கப்படாது, டாக்டரிடம் போகவும். வழக்குக்குப் பார்க்கப்படாது, வக்கீலிடம் போகவும். சாவு பற்றிப் பார்க்கப்படாது. பரிகாரம் கிடையாது. எதிரில் உட்காராதவர்களைப் பற்றிப் பார்க்கப்படவே படாது. இவ்வளவும் போக மிச்சம் என்ன இருக்கிறது, இந்தப் பெண் எப்படி வாடகை கட்டுகிறது என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனேன்.

விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் சீட்டைக் கையில் எடுக்கவே இல்லை. உங்கள் வீட்டம்மா மனசில் இருப்பதை அவர் இல்லாதபோது நான் பார்ப்பது, அவர் பெட்டியை அவருக்குத் தெரியாமல் திறப்பது மாதிரி என்றது. வேண்டுமானால் உங்களுக்கு ஒரு சீட்டு எடுங்கள் என்று விரித்தது. எடுத்தேன். ஒரு பெரிய நிலா, அதைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாய், கீழே குட்டை, குட்டையிலிருந்து நண்டு மாதிரி ஒன்று மேலே ஏறி வருகிறது. நிலா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. அர்த்தம் கேட்டேன். "சரியா தெரியாததப் பாத்து பயப்படறதுன்னு சொல்லுவாங்க ஐயா. உங்களுக்கு இன்னா தோணுது?" என்று என்னையே கேட்டது. காசு கொடுத்து வந்தவனிடம் கேள்வி கேட்டால் எப்படி? எழுந்துவிட்டேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, அதனால் வேண்டாம் என்று காசையும் வாங்க மறுத்துவிட்டது. அதற்கப்புறம் எந்தப் பக்கம் படுத்தாலும் அந்த நிலா கண்ணை மூடிக்கொண்டு என் எதிரில் நின்றது.

அடுத்த வாரம் மறுபடி லைஃப் சர்டிபிகேட் என்று சொல்லிவிட்டு, புதுச்சேரி டவுனில் டாரட் மாஸ்டர் ராஜ்மோகன் என்பவரிடம் போனேன். அங்கே ஏசி, நீல விளக்கு, ஊதுபத்தி. அவர் எதையும் மறுக்கவில்லை. நான் உட்காருவதற்கு முன்பே, "வூட்டு கவல" என்றார். நானும் அசந்துபோய் எல்லாவற்றையும் கொட்டினேன். நான் கொட்டியதையே அவர் சீட்டைப் பார்த்துப் பார்த்துத் திருப்பிச் சொன்னார், அதற்கும் அசந்தேன். கடைசியில், ஓர் ஆண், பெயர் 'க'வில் தொடங்கும், தண்ணீர் சம்பந்தம் உண்டு என்று சொல்லி, தலையணைக்கு அடியில் வைக்க ஒரு தாமிரத் தகடும் கொடுத்து, அவள் தலைமாட்டை மேற்குப் பக்கம் மாற்றச் சொன்னார். அதற்கு அவர் வாங்கியதை நான் எழுதினால் நீங்கள் கடிதத்தைக் கிழித்துவிடுவீர்கள்.

மேற்குப் பக்கம் தலையை வை என்று விழித்திருப்பவளிடம் எப்படிச் சொல்வது? தூங்கியதும் பாயைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். பாய் வந்தது, அவள் வரவில்லை. அடுத்த முறை அவளையும் சேர்த்து இழுத்ததில் பாதித் தலை பிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. தகட்டை அவள் மறுநாளே கண்டுபிடித்து, இன்வெர்ட்டரிலிருந்து கழன்று விழுந்தது என்று நினைத்துப் பத்திரமாக அதன் பின்னால் செருகி வைக்க, அது பட்டென்று வெடித்து வீடு முழுக்க மின்சாரம் போய்விட்டது. அன்றைக்கு விசிறி இல்லாமல் அவளும் தூங்கவில்லை, சிரிக்கவும் இல்லை. ராஜ்மோகனுக்குப் போன் செய்தேன். பலித்துவிட்டது பார்த்தீர்களா என்றார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நமக்குக் குடிதண்ணீர் கேன் போடுகிற கலைவேந்தனைத் தங்களுக்குத் தெரியும். 'க'வும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. இரண்டு பிள்ளை பெற்று, தலை வழுக்கையாகி, கேனைத் தூக்கினால் மூச்சு வாங்குகிற மனுஷன். நாளையிலிருந்து கேன் வேண்டாம் என்றேன். கேட்டில் நின்றபடி, "இன்னா சார், தண்ணி சரியில்லியா?" என்று பாவமாகக் கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அதற்குப் பிறகு போர்வெல் தண்ணீரில் டீ உப்புக் கரித்தது. ஜோதி ஏன் கேன் வரவில்லை என்று கேட்டாள். நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். வைத்ததைச் சாப்பிடுவேன், திண்டில் சாய்ந்துகொண்டு அவளையே பார்ப்பேன். அந்த நாட்களில்தான் அவள் தங்களிடம் அழுதிருக்கிறாள். மத்தியானத் தூக்கமும் போய்விட்டது அவளுக்கு. பாயில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பாள். வெயில் கட்டம் அவள்மேல் ஏறிப் போகும். அந்தச் சிரிப்பை நான்தான் கெடுத்துவிட்டேன் என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, சிரிப்பு நின்றது அந்த 'க'வை நான் நிறுத்தியதால்தான் என்று நினைத்தேன். அப்படி ஒரு புத்தி.

நேற்று, ராஜ்மோகன் சொன்னது சரிதானா என்று கேட்டுக்கொள்ளலாம் என்று மூன்றாவது முறையாக லைஃப் சர்டிபிகேட்டுக்குக் கிளம்பி ஒதியம்பட்டில் இறங்கினேன். ஜெயசித்ரா அறை வாசலில் ஒரு ஜோடி செருப்பு. வார் அறுந்து நான் கம்பி வைத்துக் கட்டிக்கொடுத்த செருப்பு. தங்கள் தங்கை உள்ளே இருக்கிறாள். நான் ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்துவிட்டேன். சும்மா நிற்க முடியாதே, ஆதார் அட்டையைக் கொடுத்து எடுக்கச் சொன்னேன். அவள் வரவில்லை. மறுபடி எடுக்கச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பஸ் ஸ்டாப் பக்கம் போகும்வரை என் முகம் கத்தை கத்தையாக வந்து விழுந்துகொண்டிருந்தது.

உள்ளே போய், இப்போது வந்தவர் என்ன கேட்டார் என்றேன். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று நான் சொல்வதில்லை என்றது அந்தப் பெண். நான் கெஞ்சினேன். ராஜ்மோகனுக்குக் கொடுத்ததைவிட அதிகம் தருகிறேன் என்றேன். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தது.

"நா காசு வாங்கித்தான் சீட்டு பாக்கறேன் ஐயா. அதுக்காகத் தெரியாதத தெரியும்னு சொல்ல முடியாது. வூட்ல ஒருத்தங்க மனசுல இன்னா கெடக்குன்னு எந்தச் சீட்லயும் அச்சடிக்கல. அவங்கள கேட்டீங்களா?"

கேட்டேன், நானா சிரித்தேன் என்கிறாள் என்றேன்.

"அது சந்தேகப்பட்டுக் கேட்டது. சும்மா கேட்டுப் பாருங்க."

நேற்றும் காசு வாங்கவில்லை. இந்தக் கடை எத்தனை நாள் ஓடும் என்று தெரியவில்லை மச்சான், ஆனால் வாசலில் மூன்று பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ் ஸ்டாப்பில் ஜோதி இருந்தாள். ஒரே பஸ். அவள் முன்னால், நான் பின்னால். இரண்டு பேருமே பார்த்துக்கொண்டோம், இரண்டு பேருமே பார்க்கவில்லை. பாகூரில் இறங்கி ஏரிக்கரை வழியாக அவள் முன்னே நடக்க, நான் பின்னே நடந்தேன். ஏரி நிரம்பிக் கிடந்தது. பனை மரமெல்லாம் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றன. வெயில் இறங்கி, எது வானம் எது தண்ணீர் என்று பிரிக்க முடியாத ஒரு நிறம். கொக்குகள் சத்தமில்லாமல் அதற்குள் போய்க்கொண்டிருந்தன. எனக்கே நான் நடக்கிறேனா, யாருடைய தூக்கத்திலாவது இருக்கிறேனா என்று ஆகிவிட்டது. ஜோதி நின்றாள். திரும்பாமலே கேட்டாள்.

"ஒதியம்பட்டுல யாராச்சும் இருக்காங்களா உங்களுக்கு?"

மச்சான், நான் சிரித்துவிட்டேன். பிறகு அழுகை வந்துவிட்டது. கரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்: நிலா, தகடு, பாய், கலைவேந்தன். அவள் சேலை நுனியைக் கடித்துக்கொண்டு கேட்டாள். இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத்தான், பக்கத்து வீட்டு ஆண்டாள் வழி சொல்லி, அவளும் அங்கே போனாளாம். அவளுக்கும் அதே பதில்தான்: நீங்களே கேளுங்கள். அப்போது நான் கேட்டேன், சந்தேகம் இல்லாமல், சும்மா.

அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இதோ இந்த மாதிரிதான் தண்ணி இருக்கும். முழங்கால் வரைக்கும்தான். கரையே இருக்காது. நா நடந்துகினே இருப்பேன். கையில ஒன்னும் இருக்காது. குட்டி மீனுங்க வந்து கால உரசும். கூசும். அதான் சிரிப்பு."

"நான் எங்க இருக்கேன் அதுல?"

ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். "நீங்க இல்ல. டூட்டிக்குப் போயிருப்பீங்க."

அதைக் கேட்டதும் எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். இல்லை மச்சான். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நான் அந்தப் பக்கம் மோட்டார் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், இவள் இந்தப் பக்கம் தண்ணீரில் நடந்திருக்கிறாள். இதில் யாருக்கு என்ன கெட்டுவிட்டது? இன்று காலை முதல் வேலையாகக் கலைவேந்தன் வீட்டுக்குப் போய்க் கேன் போடச் சொல்லிவிட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை.

ஆகவே, ஜோதி அடுத்த வாரம் அங்கே வரும்போது சண்டை போட்டு வருகிறாள் என்று நினைக்க வேண்டாம். சும்மா வருகிறாள். தாங்கள் எனக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். மத்தியானத்தில் அவளுக்கு மாடியில் விசிறிக்குக் கீழே பாய் போட்டுக்கொடுக்கவும். பிள்ளைகளைச் சத்தம் போடவிட வேண்டாம். சிரிப்பாள், பயப்பட வேண்டாம். பக்கத்தில் போய்ப் பார்க்கவும் வேண்டாம், அது மீன்தான். இனி இந்த ஜன்மத்தில் சீட்டு, தகடு எதையும் தொடமாட்டேன் என்று ஏரித் தண்ணீர்மேல் சொல்லியிருக்கிறேன்.

தங்கள் வீட்டம்மாவுக்கும் மக்களுக்கும் என் அன்பு. தங்கள் முழங்கால் மாடிப்படிகளை வெல்லட்டும், தங்கள் கிணறு கோடையிலும் வற்றாதிருக்கட்டும் என்று வேண்டும்,

தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
சாமிநாதன்.

பி.கு.: தபால் தலை ஒட்டுவதற்கு முன் ஜோதியிடம் இதைப் படித்துக் காட்டினேன். மீன் வரும் இடத்தில் அவள் முகம் மாறிவிட்டது. "அய்யோ, அத எங்க அண்ணனுக்கா எழுதுனீங்க? அந்தக் கனவு நா அங்கயே கட்டிச் சொன்னதுங்க. எனக்கு எந்தக் கனவும் நெனப்புல இல்ல. நீங்க கரையில உக்காந்து அப்பிடி அழுதீங்க, வெறுங்கையா உங்கள அனுப்ப மனசு வரல" என்றாள். காசு வாங்குகிற பெண் தெரியாது என்று சொல்லிவிட்டது, காசு வாங்காத தங்கள் தங்கை முழு ஏரியையும் மீனோடு சேர்த்துக் கொடுத்துவிட்டாள். அப்படியானால் எதற்குத்தான் சிரிக்கிறாய் என்றேன். "தெரிஞ்சா சொல்லமாட்டனா" என்று பாயைப் போட்டுப் படுத்துவிட்டாள். காரைக்காலுக்கும் வரவில்லையாம். கடிதத்தைக் கிழிப்பதா, அனுப்புவதா என்று பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். வெயில் கட்டம் இப்போதுதான் சுவரில் ஏறுகிறது. இதோ, மச்சான், சிரிக்கிறாள்.