ரிஜெக்ட் அண்ணனும் என் தைராய்டும்

ஆம்பூரில் முதலாளிக்குப் பயப்படாத தொழிலாளி உண்டு. ரிஜெக்ட் அண்ணனுக்குப் பயப்படாத ஆள் கிடையாது. எங்கள் ஷூ கம்பெனியின் செக்கர் அவர். தைத்துவந்த தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நூல் இம்மி பிசகினாலும் "ரிஜெக்ட்" என்று கூடையில் வீசுவார். தன் கல்யாண மாலையையே, ஒரு பூ வாடியிருக்கிறதென்று திருப்பி அனுப்பியவர் என்பார்கள். நான் நம்புகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் அங்கே தையல் மிஷினில் இருந்தேன். எந்நேரமும் தூக்கம். உடம்பு வேறு ஊதிக்கொண்டே போனது. மிஷின் மேலேயே தலை சாயும். இன்னொரு முறை தூங்கினால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். என் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

ஒருநாள் ரிஜெக்ட் அண்ணன் என் தையலை விட்டுவிட்டு என் கழுத்தையே பார்த்தார். மேடு தெரிகிறது, வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு என்றார். அந்தக் கண்ணுக்குத் தப்பியது எதுவுமில்லை என்பதால் மறுபேச்சில்லாமல் போனேன்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை முதலில் அவரிடம்தான் காட்டினேன். ஆன்டிபாடி என்று போட்டு, இருக்கவேண்டிய அளவைவிடப் பல மடங்கு எண் எழுதியிருந்தது.

"இன்னாம்மா, டார்கெட்டத் தாண்டிட்ட போல" என்று எங்கள் தையல் லைனில் இருந்த எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார். நானும் இரண்டு தின்றேன்.

மறுநாள் டாக்டரம்மா சொன்னபோதுதான் விஷயம் விளங்கியது. கிருமியை அடிக்கவேண்டிய ஆன்டிபாடி, என் தைராய்டு சுரப்பியையே வெளியாள் என்று நினைத்துவிட்டதாம். தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை. தூக்கம் தெளியச் சில வாரங்களாகும். அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"நல்ல சரக்கையே ரிஜெக்ட் பண்றானா? எவன்மா அந்த செக்கரு?"

பிறகு, தூக்கம் எப்போது ஜாஸ்தி என்று கேட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு என்றேன். அன்றிலிருந்து தினமும் அந்த நேரத்துக்கு என் மிஷினுக்குப் பின்னால் வந்து நின்று, என் தலை சாயும்போதெல்லாம் லைனே அதிரத் திட்டுவார். பாவம், இவளை அந்தாள் வாட்டுகிறான் என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். மேனேஜரோ, அண்ணனே பார்த்துக்கொள்கிறார் என்று என் பக்கமே வரவில்லை. வேலை தப்பியது.

இரண்டு மாதத்தில் தூக்கம் தெளிந்தது. சாப்பாட்டுக்குப் பிறகும் விழித்தபடி தைத்தேன். அண்ணன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் மேஜைக்குப் போய்விட்டார்.

அத்தனை நாள் திட்டுக்கு அழாத எனக்கு, அது நின்ற அன்றுதான் அழுகை வந்தது.